‘எம் பிள்ளைய எதுக்குக் கடைசியா நிக்க வெச்சீங்க?’

கேள்வி:

வணக்கம் மேடம். தென் மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் மனித உரிமைகள் பாடம் வந்தது. நோட்ஸ் கொடுத்து முடித்துவிடக் கூடாது என்று, இணையத்தில் பார்த்த ஒரு செயல்பாட்டைச் செய்தேன். பிள்ளைகளை மைதானத்தில் ஒரே கோட்டில் நிற்க வைத்து, ‘வீடு கான்கிரீட் வீடா, ஓரடி முன்னே வா’, ‘அப்பாவோ அம்மாவோ கல்லூரி போயிருக்காங்களா, ஓரடி’, ‘வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் இருக்கா, ஓரடி’ என்று பதினைந்து கேள்விகள். முடிவில் மூன்று பேர் கோட்டைவிட்டு நகரவே இல்லை. அதில் ஒரு பெண் மறுநாளிலிருந்து வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்து, “எம் பிள்ளைய எதுக்கு டீச்சர் கடைசியா நிக்க வெச்சீங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சக ஆசிரியர் ஒருவர், “சும்மா கிடந்த சாதியை நீங்கதான் கிளப்பிவிடறீங்க” என்கிறார். இந்த மாதிரி வேலையையே விட்டுவிடலாமா? இல்லையென்றால் வேறு எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

(பெயர் வேண்டாம்)

பதில்:

வணக்கம் டீச்சர்.

விட வேண்டாம். ஆனால் மற்ற செயல்பாடுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘யோசிக்காம செஞ்சுட்டேன்ம்மா, தப்புதான்’ என்றால் போதும். போன் செய்து, எங்கே பார்க்கலாம் என்று அவரையே கேளுங்கள். நீங்கள் பாட்டுக்கு ஸ்கூட்டியில் போய்த் தெருவில் இறங்கினால் ‘டீச்சர் எதுக்கு வந்தாங்க’ என்று அக்கம்பக்கம் கேட்கும். அந்தக் கேள்விக்கும் அவர்தான் பதில் தேட வேண்டியிருக்கும். பெண் திரும்பி வருகிற நாளில் எப்போதும்போல இருங்கள். ஈடுகட்டுகிறோம் என்று நம்மில் பலர் அந்தப் பிள்ளையை லீடர் ஆக்குவோம், பிரேயரில் உறுதிமொழி வாசிக்க வைப்போம். வேண்டவே வேண்டாம். போன தடவை பின்னால் தனியாக நின்றாள், இந்தத் தடவை முன்னால் தனியாக நிற்பாள், அவ்வளவுதான் வித்தியாசம். கோட்டில் நின்ற மற்ற இரண்டு பேரையும் மறந்துவிடாதீர்கள். பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு வலிக்கவில்லை என்று ஆகாது.

வகுப்பிடம் ஒரு நிமிடம் பேசினால் போதும். ‘அன்னைக்கு நான் வெச்ச விளையாட்டு சரியில்லை. உங்க வீட்டைப் பத்தி எல்லார் முன்னாலயும் கேட்டிருக்கக் கூடாது. இனிமே கேட்கமாட்டேன்.’ டீச்சர் தன் தப்பை ஒப்புக்கொள்வதைப் பிள்ளைகள் அடிக்கடி பார்ப்பதில்லை. கடைசி பெஞ்சுகூட அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்கும்.

சரி, அந்த விளையாட்டில் என்ன தப்பு? அது அமெரிக்கக் கல்லூரிகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் பழகிவந்த ஒன்று. பல ஊர்களிலிருந்து வந்த, ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரியாத பெரியவர்கள் கூடும் இடம் அது. அங்கேயும் பாடம் படிப்பது முன்னால் போய் நிற்கிறவர்தான், அதற்கான செலவு பின்னால் நிற்கிறவர் தலையில். உங்கள் எட்டாம் வகுப்பில் யார் வீடு எந்தத் தெருவில், யார் வீட்டுக் கூரை என்ன என்பதெல்லாம் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். அன்றைக்கு அவர்கள் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்ததற்கு டீச்சரின் முத்திரை விழுந்தது, அதுதான் புதுசு.

இதே வகையில் இன்னொன்று உங்கள் கண்ணில் படும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறக் கண்ணுக்குச் சலுகை, இன்னொரு நிறத்துக்கு ஏச்சு. அப்புறம் மாற்றிப் போட்டார். உலகம் முழுக்கப் பேசப்பட்டது, கண்டனமும் இன்றுவரை ஓயவில்லை. அந்தக் கண்டனங்களுக்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த வகுப்பில் இருந்தவர்கள் எல்லாருமே வெள்ளைக்காரப் பிள்ளைகள். கண் நிறம் என்பது டீச்சர் கற்பனையாக உண்டாக்கிய பிரிவு, அதனால் அடுத்த முறை திருப்பிப் போட முடிந்தது. நீங்கள் மைதானத்தில் போட்ட கோட்டை மறுநாள் எப்படித் திருப்பிப் போடுவீர்கள்?

உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்தது இதைவிட மோசம். ஆறாம் வகுப்பில் ‘என் அப்பாவின் தொழில்’ என்று பத்து வரி எழுதச் சொல்லி, ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வைத்தேன். ஒரு பையன் ‘என் அப்பா ஒரு விவசாயி’ என்று ஆரம்பித்து நாற்று நடுவது, வரப்பு வெட்டுவது எல்லாம் வாசித்தான். பக்கத்துப் பையன் எழுதியதும் வரி பிசகாமல் அதேதான். ‘காப்பியா அடிச்சே?’ என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல், “டீச்சர், அவங்கப்பா எழவு வீட்டுல மேளம் அடிக்கிறவரு.” வகுப்பே சிரித்தது. உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை. நோட்டை மூடி, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி மணி அடிக்கும்வரை நின்றான். அப்பாவின் தொழிலை மறைக்க அவன் எவ்வளவு யோசித்து அந்தப் பத்து வரியைத் தேர்ந்தெடுத்திருப்பான் என்பது எனக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் உறைத்தது.

அதற்கப்புறம் ஒரு முடிவெடுத்தேன், ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு வந்த பிறகு ஆசிரியர்களிடமும் அதையேதான் சொல்லிவந்தேன். சமூக நீதி பாடத்துக்குப் பிள்ளையின் வீட்டிலிருந்து எதையும் எடுத்துவரச் சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நிறைய இருக்கிறது.

உங்கள் சக ஆசிரியருக்கு ஒரு பதில் வேண்டுமே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள், காரணம் சாதி. அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் இடும் அடையாளம் இவற்றைத் தடுக்க வேண்டும், பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் அறிவிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. கயிறு, பெஞ்சு, பதிவேடு, அறிவிப்பு, எல்லாமே வகுப்பறைக்குள் இருக்கிற பொருள்கள். சும்மா கிடக்கிற ஒன்றுக்கு யாராவது இவ்வளவு எழுதுவார்களா என்று சாரிடம் கேட்டுப் பாருங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம், டீ குடிக்கும்போது கேளுங்கள்.

உதவித்தொகை என்றதும் நினைவுக்கு வருகிறது. பாடம் நடக்கும்போது வாசலில் அலுவலக உதவியாளர் வந்து நின்று, “எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க, பாஸ்புக் ஜெராக்ஸ் கொண்டாரணும்” என்பார். நாமும் ‘எழுந்திருங்கப்பா’ என்போம். உங்கள் ‘ஓரடி முன்னே’ விளையாட்டை நம் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறை இப்படித்தான் விளையாடிக்கொண்டிருக்கின்றன, இணையத்தில் பார்க்காமலே. அந்தத் தகவலை மூடிய துண்டுச் சீட்டாக எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம், ஒவ்வொன்றிலும் அவரவருக்கு வேண்டியது இருக்கும். இல்லையென்றால் தலைமையாசிரியர் அறையில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். இதைச் சரிசெய்யாமல் எந்தச் செயல்பாடு நடத்தினாலும் பிள்ளைகள் நம்மைத்தான் எடைபோடுவார்கள்.

இனி வகுப்பில் செய்யக்கூடியவை.

பாடப்புத்தகத்திலிருந்தே தொடங்கலாம், அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்ல முடியாது. நம் மாநிலப் பாடப்புத்தகத்தைத் திறந்ததும் ஆரம்பப் பக்கங்களில் ஒரு வரி இருக்கும்: ‘தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்.’ புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்த வரிதான், ஆனால் சொல்லத் திணறுவார்கள். ஆசிரியர் பயிற்சிகளில் நானும் கேட்டிருக்கிறேன், ஆசிரியர்களும் திணறுவார்கள்.

அப்புறம் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். இப்போது தமிழ் வகுப்பு மாதிரிக் கொஞ்சம் இலக்கணம். ‘தீண்டாமை’ எதிர்மறைத் தொழிற்பெயர். தீண்டாதவர் யார்? யாரைத் தீண்டவில்லை? அந்த வரியில் செய்கிறவரும் இல்லை, செய்யப்படுகிறவரும் இல்லை. ‘எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் வருகிற மாதிரி இதே விஷயத்தை எழுதுங்க. ஊர்ப் பெயர், சாதிப் பெயர், ஆள் பெயர் எதுவும் வரக் கூடாது. நீங்க பார்த்ததா இருக்கலாம், கேட்டதா இருக்கலாம், படிச்சதாவும் இருக்கலாம்.’ கடைசியில் சொன்னது முக்கியம். எழுதியது யாருடைய அனுபவம் என்று யாரும் கேட்க முடியாது, நீங்களும் கேட்கக் கூடாது. நான் இதைச் செய்த ஒரு பள்ளியில் வந்த வாக்கியங்கள் சில இன்னும் என் நோட்டில் இருக்கின்றன. ‘கடைக்காரர் அந்தப் பாட்டியிடம் காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்னார்.’ ‘திருவிழாவில் அவர்கள் கொடுத்த தேங்காயைக் கடைசியாக உடைத்தார்கள்.’ ‘என்னோடு விளையாடுகிறவன் வீட்டுக்கு வந்தால் அம்மா திண்ணையோடு பேசி அனுப்பிவிடுவார்.’ மூன்றாவதை எழுதியது திண்ணைக்கு உள்பக்கம் இருக்கிற பிள்ளை. அதைக் கவனித்தீர்களா? மைதானத்துக் கோட்டில் அந்தப் பிள்ளைக்கு இப்படிப் பேச வழியே கிடைத்திருக்காது.

இதோடு விடாதீர்கள். நம் தலைமுறைப் புத்தகத்தில் அது மூன்று வரியாக இருந்தது: தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். பழையதையும் புதியதையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, எந்தச் சொல் காணாமல் போயிருக்கிறது என்று கேளுங்கள். ‘பாவம்’ போய்விட்டது. பாவத்துக்கும் குற்றத்துக்கும் என்ன வித்தியாசம்? “பாவம்னா சாமி பாத்துக்கும் டீச்சர், குற்றம்னா போலீசு பாக்கணும்” என்றான் ஒருவன். அங்கேயே பாடத்துக்குள் நுழைந்துவிடலாம். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 1955இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது, 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமலே மனதில் நிற்கும். ‘மனிதத்தன்மையற்ற’ என்றால் யாருடைய மனிதத்தன்மை போகிறது, செய்கிறவருடையதா, படுகிறவருடையதா என்று கேட்டால் ஒரு பீரியடு போதாது.

அடுத்த வகுப்பில் 15ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவை எடுங்கள். கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பட்டியல் போட்டு, இங்கெல்லாம் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் உச்சபட்சச் சட்டத்துக்குள் கிணறும் படித்துறையும் ஏன் வந்து உட்கார்ந்தன? அதற்கு மகாத் கதையைச் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியில் இருக்கும் அந்த ஊரின் சவுதார் குளத்தை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று நகராட்சி சொல்லியும், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை நடைமுறையில் விடவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். வழக்கு நடந்து, பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937இல். ஒரு கை தண்ணீருக்குப் பத்து ஆண்டு.

இப்போது கேள்வி: ‘அந்தப் பட்டியலை இன்னைக்கு நீங்க எழுதினா எதையெல்லாம் சேர்ப்பீங்க?’ குழுக் குழுவாக எழுதட்டும். முடிவெட்டும் கடை, டீக்கடை கிளாஸ், மினி பஸ் சீட்டு, கிரிக்கெட் டீம், வாட்ஸாப் குரூப், சுடுகாட்டுப் பாதை, சாப்பாட்டு வரிசை என்று வரும். எந்த ஊரில் எந்தக் கடை என்று போகவிடாதீர்கள், இடத்தின் பெயரோடு நிறுத்துங்கள்.

அம்பேத்கரின் பள்ளி நாள்களைச் சொல்லாமல் இருக்க முடியாது, பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும். சதாராவில் படித்தபோது அவர் மட்டும் தனியாகச் சாக்கில் உட்கார வேண்டும். அந்தச் சாக்கைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் பள்ளியைப் பெருக்குகிற ஆள் அதைத் தொடமாட்டார். தண்ணீர்க் குழாயை அவர் தொடக் கூடாது, பியூன் திறந்துவிட்டால்தான் குடிக்கலாம், பியூன் வரவில்லையென்றால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. இதைச் சொல்லிவிட்டு நாம் வழக்கமாகக் கேட்பது, ‘நீ அந்தச் சிறுவனா இருந்தா உனக்கு எப்படி இருக்கும்?’ வேண்டாம். உங்கள் வகுப்பில் சிலருக்கு அது கற்பனை இல்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பள்ளியில் யார் யார் இருந்தார்கள் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். ஆசிரியர், பியூன், பெருக்குகிறவர், மற்ற பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர். ஒவ்வொருவரும் அன்றைக்கு என்ன செய்திருக்கலாம், செய்தால் அவர்களுக்கு என்ன நடந்திருக்கும்? பியூனுக்கு வேலை போயிருக்குமா? பக்கத்தில் நின்ற பையன் குழாயைத் திறந்துவிட்டிருந்தால் வீட்டில் அடி விழுந்திருக்குமா? பார்த்துக்கொண்டு நிற்கிறவரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் வகுப்பில் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடும்.

நான் அதிகம் நம்புகிற செயல்பாடு ஒரு கணக்கெடுப்பு. வகுப்பறைச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டுங்கள். பெருக்குவது, குப்பை கொட்டுவது, கரும்பலகை துடைப்பது, பெஞ்சு தூக்குவது, டீ வாங்கிவருவது, கோலம் போடுவது, விருந்தினர் வந்தால் தட்டு பிடிப்பது, மைக் பிடிப்பது, பதிவேட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோவது என்று வேலைகளை எழுதிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அந்த வேலையைப் பையன் செய்தானா பெண் செய்தாளா என்று ஒரு கோடு. பெயர் எழுதக் கூடாது. இரண்டு வாரம். எதையும் மாற்றாமல் வழக்கப்படி நடக்கட்டும்.

ஒரு நடுநிலைப் பள்ளியில் இப்படிச் செய்தபோது துடைப்பத்துக்கு எதிரே பையன்கள் கட்டம் காலியாகவே கிடந்தது. டீ வாங்கப் பையன்கள் மட்டும், ஏனென்றால் கேட்டுக்கு வெளியே போகிற வேலை அது. மைக்குக்கு எதிரே கோடெல்லாம் ஒரு பக்கம். கோடுகளை எண்ணிச் சதவீதம் போடுவது கணக்குப் பாடம். இதோடு ஒரு தேசியக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளலாம்: 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாக வந்தது. வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்க வேண்டாம், இந்த எண்ணே போதும்.

மூன்றாவது வாரம் அகரவரிசைப்படி முறை மாறியது. ஒரு பையன் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்குப் பெருக்கத் தெரியாது டீச்சர்” என்றான். பொய்யில்லை. காற்று வருகிற திசைக்கு எதிரே தள்ளினான், குப்பையெல்லாம் அவன் காலுக்கே திரும்பி வந்தது. ஒரு பெண் எழுந்துபோய், துடைப்பத்தின் அடியை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிச் சரிசெய்து, எந்த மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று காட்டினாள். மறுநாள் அவன் பாட்டி வந்து, “ஆம்பளப் புள்ளையப் பெருக்க வெப்பீங்களா?” என்று ஒரு மூச்சுச் சண்டை போட்டார். வரும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் சமாளிக்கலாம்.

இந்தக் கணக்கில் உங்களுக்கு மட்டும் ஒரு தனி வேலை இருக்கிறது. சார்ட்டில் பெயர் இல்லை, ஆனால் உங்கள் டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். துடைப்பத்துக்கும் குப்பைக்கும் திரும்பத் திரும்ப யார் பெயரைக் கூப்பிடுகிறீர்கள்? சாப்பாடு, தண்ணீர் சம்பந்தமான வேலைக்கு யாரைக் கூப்பிடுவதே இல்லை? யோசித்துச் செய்கிறோம் என்று சொல்லவில்லை, வாயில் வருகிற பெயர் அப்படி. அந்தப் பக்கத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். கழிவறை கழுவப் பிள்ளைகளை அனுப்புகிற வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் பற்றிய பாடத்துக்குக் கண்ணைக் கட்டிவிட்டு நடக்க வைப்பது இப்போது பல பள்ளிகளில் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திடீரென்று கண்ணைக் கட்டினால் முதல் பத்து நிமிடப் பயம்தான் தெரியும். பல ஆண்டுகளாகப் பார்வையில்லாமல் பழகி, பஸ் மாறி வேலைக்குப் போகிறவரைப் பற்றி அதில் ஒன்றும் தெரியாது. ‘ஐயோ பாவம்’ என்று முடியும். அதற்குப் பதில் டேப்பை எடுத்துக்கொண்டு பள்ளியின் சாய்தளத்தை அளக்கப் போங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது விதி. வாசல் 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். நான் பார்த்த பள்ளிகள் சிலவற்றில் இரண்டு மீட்டரில் முடிந்திருக்கும், சக்கர நாற்காலி ஏறினால் பின்னால் மல்லாந்து விழும். வாக்குச்சாவடிக்காக அவசரமாகப் போட்டது அது. ஒரு பள்ளியில் சாய்தளத்தின் உச்சியில் குரோட்டன்ஸ் தொட்டி இரண்டு. கழிவறைக் கதவின் அகலம், தண்ணீர்க் குழாயின் உயரம், கரும்பலகை எந்த பெஞ்சுவரை தெரிகிறது எல்லாவற்றையும் அளக்கட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது என்பதை அங்கே சொன்னால், சாய்தளம் மட்டும் போதாது என்று அவர்களே சொல்வார்கள். முடிவில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதட்டும், படத்தோடும் அளவோடும். தொட்டியாவது நகரும்.

இன்னும் இரண்டு விஷயம். கையில் கயிறு கட்டிவருகிற பையன்களும் உங்கள் மாணவர்கள்தான். ‘உங்க தாத்தாக்கள்தான் இதெல்லாம் செஞ்சாங்க’ என்று பேச்சு போனால் அன்றோடு அவர்கள் காதை மூடிக்கொள்வார்கள், கயிறு இன்னும் தடிமனாகும். மேலே சொன்னவற்றில் குழாய், துடைப்பம், சாய்தளம், ஒரு வரி வாக்கியம் என்று பொருளைப் பிடித்துக்கொண்டே போவதற்குக் காரணம் இதுவும்தான்.

அப்புறம், இப்படிப் பேச ஆரம்பித்தால் ஏதாவது ஒரு பிள்ளை நிஜமாகவே ஒன்றைச் சொல்லும். தயாராக இருங்கள். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடுகிற ‘மாணவர் மனசு’ பெட்டி பள்ளியில் இருந்தால் அதைத் தூசி தட்டுங்கள். வாரம் ஒருமுறை எல்லாரும் ஒரு சீட்டு போட வேண்டும், சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் பிடித்த சாப்பாட்டை எழுதிப் போடட்டும். எல்லாரும் எழுதினால்தான் எழுதியது யார் என்று தெரியாது. நீங்கள் தனியாகப் படியுங்கள். உங்களால் தீர்க்க முடியாதது வந்தால் 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டும் சுவரில் எழுதியிருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். புத்தக வரியிலும் வேலைச் சார்ட்டிலும் ஆரம்பியுங்கள், சாய்தளம் அரைப் பரீட்சைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சார்ட் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தப் பெண் வருகிறாளா, எந்த பெஞ்சில் யார் பக்கத்தில் உட்கார்கிறாள் என்பதையும் எழுதுங்கள்.